வன்னிக்குப் பூட்டுப் போட்ட கோட்டைகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ் அட்டையில் பூநகரிக் கோட்டையின் படத்தைப் போட்டாலும் போட்டோம், இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோட்டைக் கதைதான். நெல் விலை, வீட்டுத்திட்டம், குளத்து மீன் என்று கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழில் இடம் இருக்கிறது. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் இல்லை, ஊர் மட்டும்.

கேள்வி: ஐயா, நான் வரலாறு படிப்பிக்கிறேன். பிள்ளைகளைப் பூநகரிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போக யோசித்திருக்கிறேன். தமிழ் அரசர் காலத்துக் கோட்டை என்று ஒருவர் சொல்கிறார், பறங்கியர் கட்டியது என்று இன்னொருவர், ஒல்லாந்தர் என்று மூன்றாமவர். நான் எதைச் சொல்லிக்கொடுப்பது? (ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: ரீச்சர், பறங்கியர் (போர்த்துக்கேயர்) தொடங்கினார்கள், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பெருப்பித்தார்கள், வெள்ளைக்காரர் (ஆங்கிலேயர்) காலத்தில் அது றெஸ்ட் ஹவுஸாகக் கிடந்தது, எங்கள் காலத்துச் சண்டையில் மிச்சமும் உடைந்தது. ஆக, உங்களுக்குச் சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் பாதிப் பாதி சரி.

ஆண்டுகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நல்லூரில் இருந்த யாழ்ப்பாண அரசு 1619 இல் பறங்கித் தளபதி பிலிப் தெ ஒலிவேராவிடம் விழுந்தது. கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிடித்த யாழ்ப்பாணக் குடாநாடு கைவிட்டுப் போகாமல் காக்கப் பறங்கியர் போட்ட சின்னக் காவல்களில் ஒன்றுதான் பூநகரி. 1658 ஜூன் 22 அன்று யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போக, இதுவும் கூடவே போனது. 1770 இல் அவர்கள் அதை விரித்துக் கட்டினார்கள். நாங்கள் இடிபாடாகப் பார்ப்பது பெரும்பாலும் அந்த உருவத்தைத்தான். இடைக்காலம் என்று பாடப்புத்தகம் சொல்கிற காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அளவைக் கேட்டால் பிள்ளைகளுக்குச் சப்பென்று போகும். சதுரமான கோட்டை, ஒரு பக்க மதில் ஏறத்தாழ 30 மீற்றர், உள்ளே கால் ஏக்கர்கூட வராது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை "இவ்வளவுதானா?" என்று கேட்கும். கேட்கட்டும், பாடத்தை அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். இத்தனை சின்ன இடத்துக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை நாளுக்குச் சோறும் தண்ணீரும் வைக்கலாம், ஒரு படை வந்து சுற்றி வளைத்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பெரிய முற்றுகையைத் தாங்க இதைக் கட்டவில்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். துறையால் யார் போகிறான், யார் வருகிறான், தோளில் என்ன மூட்டை என்று பார்ப்பதற்குக் காவல்காரர் சிலர் இருந்தால் போதும், அதற்கு இந்த இடம் தாராளம்.

இன்னொன்றையும் நின்று காட்டுங்கள். கொத்தளம் நாலு மூலையிலும் இல்லை, எதிரெதிர் மூலைகள் இரண்டில் மட்டும்தான். காசில்லாமல் அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொத்தளம் மதிலுக்கு வெளியே தள்ளி நிற்கும், அதில் நிற்பவனுக்குத் தன் மூலையில் சேரும் இரண்டு மதிலின் வெளிப்பக்கமும் நீளத்துக்குத் தெரியும். மதிலோடு ஒட்டி ஏணி வைக்க வருகிறவனை அங்கிருந்தே சுடலாம். ஒரு மூலை இரண்டு மதிலைப் பார்த்துக்கொள்ள, எதிர் மூலை மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளும். சின்னச் சதுரக் கோட்டைக்கு இது போதும், கல்லும் கூலியும் பாதி மிச்சம். நாலு பிள்ளைகளை மதிலாக நிறுத்தி, இரண்டு பேரைக் கொத்தளமாக வைத்து விளையாடிப் பார்த்தால் பரீட்சை வரைக்கும் மறக்காது.

தமிழ் அரசர் காலத்தில் இங்கே ஒன்றுமே இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். இருந்தது, ஆனால் கல் மதிலாக இல்லை. பழைய நூல்கள் சொல்கிற நீர், நிலம், மலை, காடு என்ற நாலு அரணில் வன்னிக்கு வாய்த்தது காட்டரண். பனங்காமம், முள்ளியவளை, கரிகட்டுமூலை, கருநாவல்பத்து, மேல்பத்து, தென்னமரவடி என்று பற்றுகளை (நிலப்பிரிவுகளை) ஆண்ட வன்னியர் என்ற சிற்றரசர் சில வேளை நல்லூருக்குத் திறை கொடுத்தார்கள், சில வேளை கொடுக்காமல் விட்டார்கள். இரண்டுக்கும் அந்தக் காடுதான் தைரியம். ஒல்லாந்தனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் வன்னிக்குள் படை நடத்தப் பெரிய தடையாக இருந்ததும் காடும் அதற்குள் இருந்த காய்ச்சலும்தான்.

கேள்வி: அண்ணை, ஏஎல் ஒப்படைக்கு யானையிறவுக் கோட்டையைப் பற்றி எழுதுகிறேன். 1760 இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள் என்று இன்ரநெற்றில் நாலைந்து இடத்தில் இருக்கிறது. அப்படியே எழுதலாமா? (மாணவன், பரந்தன்)

பதில்: எழுதாதே தம்பி. நாலைந்து இடத்தில் இருப்பது ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதால் வந்தது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனது 1658 இல். அவர்கள் 102 வருடம் கழித்துத் திரும்பி வந்து ஒல்லாந்தன் ஆண்டுகொண்டிருந்த இடத்தில் கோட்டை கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றால் நல்ல நாடகமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்த கொம்மாந்தோராக (தலைமை அதிகாரியாக) இருந்த ஹென்றிக் ஸ்வார்டெக்றூன் 1697 இல் தனக்குப் பின் வருகிறவர்களுக்கு எழுதி வைத்த நீண்ட குறிப்பிலேயே யானையிறவுக் காவல் பற்றிய பேச்சு இருக்கிறது. ஆகவே 1760 க்கு முன்பே அங்கே காவல் இருந்தது, அப்போது அது ஒல்லாந்தர் கையில். பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த திருத்த வேலைகளைத் தொடக்கம் என்று யாரோ எழுதியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை இப்படியே ஒப்படையில் போடு, படியெடுத்த ஆண்டை விட அதற்குத்தான் நல்ல புள்ளி கிடைக்கும்.

கேள்வி: யானையிறவில் ஒரு கோட்டை இல்லை, கிழக்குக் கடல் வரைக்கும் வரிசையாக மூன்று இருந்தது என்று எங்கள் அப்பம்மா சொல்லுவா. சனம் போய்வர அதில் "சீட்டு" எடுக்க வேண்டுமாம். உண்மையா? அப்படி எதற்குப் பயந்தார்கள்? (வாசகி, பளை)

பதில்: அப்பம்மா சொன்னது சரி, தங்கச்சி. யானையிறவு ஒன்று. மற்ற இரண்டுக்கும் ஒல்லாந்தர் வைத்த பெயர் பெஸ்கூட்டர், பைல். அவை இயக்கச்சியிலிருந்து வெற்றிலைக்கேணிப் பக்கமாகக் கிழக்கே போகும் வரிசை. மேற்கே பூநகரியையும் சேர்த்தால் குடாநாட்டின் தெற்கு வாசல் முழுக்கக் காவல்.

படத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் ஏன் இந்த இடங்கள் என்று விளங்கும். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் நடுவில் கிடப்பது ஆழமில்லாத பரவைக்கடல். யானையிறவில் கோடைக்கு நடந்தே கடக்கலாம், கிழக்கே சுண்டிக்குளம் பக்கத்தில் மணல் திட்டு நிலமாகவே தொடுகிறது, பூநகரியிலிருந்து தோணி ஏறினால் கொழும்புத்துறை. வரப் போக வழி இந்த மூன்றும்தான், மூன்றையும் அடைத்துவிட்டால் குடாநாடு தீவு மாதிரி. இப்போது ஏ-9 இல் பஸ்ஸில் நித்திரையாகப் போகிறவர்களுக்கு அது ஒரு பாலமாகத்தான் தெரியும்.

எதற்குப் பயந்தார்கள் என்று கேட்டீர்கள். கண்டி அரசன் படை வன்னி வழியாக வரலாம் என்ற பயம் இருந்தது. அது ஒரு பக்கம். நாள்தோறும் நடந்தது வேறு, அதில் முதலாவது யானை. வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறையைக் காசாகக் கொடுப்பதைவிட யானையாகத்தான் கொடுக்க வேண்டியிருந்தது, இத்தனை யானை பாக்கி, இத்தனை வருடமாகக் கட்டவில்லை என்று அவர்கள் குறிப்புகளில் ஒரே புலம்பல். பதினேழாம் நூற்றாண்டில் பனங்காமத்தில் இருந்த கயிலை வன்னியன் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை, எவ்வளவு கூப்பிட்டும் யாழ்ப்பாணம் போய்த் தலை குனியவில்லை. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத நீரால் இறக்கித்தான் குடாநாட்டுக்குள் சாய்த்துக்கொண்டு போவார்கள். யாழ்ப்பாணத்தில் உயரத்தை முழத்தில் அளந்து, கொம்பு இருக்கிறதா, உடம்பில் குறை இருக்கிறதா என்று பார்த்து விலை பேசுவார்கள். கொல்கொண்டா, வங்காளம் என்று தூரதேசத்து வியாபாரிகள் அதற்காகவே வந்து காத்திருப்பார்கள். வாங்கியது ஊர்காவற்றுறையில் கப்பல் ஏறும். ஒல்லாந்தருக்கு இலங்கையில் கறுவாவுக்கு அடுத்துக் கை நிறையக் காசு தந்த வியாபாரங்களில் இதுவும் ஒன்று. ஆகவே அந்த வாசலில் ஒரு துப்பாக்கிக்காரன் நிற்பது செலவே இல்லை.

அடுத்தது நெல்லும் மரமும். குடாநாட்டுக்குச் சோறு பாதி வன்னியிலிருந்துதான், வீட்டு வளைக்கும் தோணிக்கும் மரமும் இங்கிருந்துதான். வாசலைப் பிடித்தவன் வரியையும் பிடிப்பான், வேறென்ன.

மூன்றாவதைத்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. குடாநாட்டில் தலைவரி, நிலவரி, அதற்கு மேல் கூலியில்லாத ஊழியம் என்று சனத்தைப் பிழிந்தபோது, தாங்க முடியாதவர்கள் இரவோடிரவாக வன்னிக்கு ஓடினார்கள். காட்டுக்குள் வந்துவிட்டால் ஒல்லாந்தன் தோம்பில் (பதிவேட்டில்) பெயர் இருந்தும் பிரயோசனம் இல்லை. உள்ளே இருக்கிற சனம் வெளியே போகாமல் தடுப்பதும் அந்தக் காவல்களின் வேலை. அப்பம்மா சொன்ன சீட்டு, போய்வர அனுமதிச் சீட்டு, அதற்குத்தான். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கதையில் கோட்டை யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றுகிறது, வன்னி வெளியே இருக்கிற காடு. தெற்கே எங்கள் பக்கத்தில் நின்று அதே மதிலைப் பாருங்கள், தப்பி ஓடி வருகிறவனுக்கு விடுதலை எங்கே தொடங்கியது என்று தெரியும். அந்தக் காவலையும் கடந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த தோணிக்காரர்களின் பெயர் எந்தக் குறிப்பிலும் இல்லை, எனக்கு அதுதான் மனவருத்தம்.

கேள்வி: பூநகரிக் கோட்டையிலிருந்து கடலுக்கு அடியால் யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சுரங்கப்பாதை இருக்கிறதாம். குதிரையே ஓடலாமாம். (வாசகர், முழங்காவில்)

பதில்: இல்லை. கோட்டை என்று ஒன்று இருந்தால் சுரங்கம் என்று ஒரு கதை கூடவே பிறந்துவிடும், இலங்கையில் அது இல்லாத கோட்டையை நான் கேள்விப்படவில்லை. பூநகரியில் கிணறு வெட்டினவர்களைக் கேளுங்கள், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எத்தனை அடியில் உப்புத் தட்டியது என்று. குடாநாட்டுப் பக்கமோ ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல், கீழே போகப் போகத் தண்ணீர்தான். அதற்குள் மைல் கணக்கில் குதிரை ஓட்டுவதற்கு இந்தக் காலத்து மெசின் வைத்தாலே கோடிக் கணக்கில் போகும். மேலே தோணி ஓடுகிற கடல் இருக்கும்போது கீழே எதற்கு மினக்கெடுகிறான்? மதிலோடு சேர்ந்த சின்ன வளைவு அறை, வெடிமருந்து வைக்கிற நிலவறை என்று இந்தக் கோட்டைகளில் இருப்பது உண்டு. வாசல் மண்ணால் மூடுபட்டால் அது சுரங்கமாகிவிடும்.

கேள்வி: முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டார வன்னியன் பிடித்தது நடந்த கதையா, கூத்தில் கட்டின கதையா? காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்ததால்தான் அவன் விழுந்தானா? எங்கள் ஊரில் இதில் இரண்டு கட்சி இருக்கிறது. (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: கோட்டையைப் பிடித்தது நடந்தது. காக்கை வன்னியன் விஷயத்தில் உங்கள் ஊர்க் கட்சிகளில் ஒன்று கோபிக்கப் போகிறது.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். ஒல்லாந்தர் வன்னியை நேரே ஆள முயன்றது மிகப் பிந்தி, 1782 அளவில். நாகல் என்ற லெப்டினன்ற் ஒருவன் அதிகாரியாக இருந்து, குளம் திருத்தி நெல் விளைவித்து வரி எடுக்கப் பார்த்தான். அதிகாரம் பறிபோன வன்னியருக்கு அது பொறுக்கவில்லை. 1795 இல் வெள்ளைக்காரர் வந்து யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் மன்னாரையும் அடுத்தடுத்துப் பிடித்தார்கள், கொடி மாறியது, வரி மாறவில்லை. 1803 இல் அவர்கள் கண்டிக்குப் படை எடுத்துப் போய் அங்கே விட்டுவந்த படை ஜூன் மாதம் அழிந்தது. அதைக் கேட்டு நாலா பக்கமும் கிளர்ச்சி கிளம்பியது. அந்த நேரத்தைத்தான் வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியன் பிடித்தான். கண்டியோடு அவனுக்குத் தொடர்பு இருந்தது.

1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டை விழுந்தது. கப்டன் வொன் ட்றிபேர்க் தலைமையில் இருந்த காவற்படை கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. கோட்டையில் இருந்த பீரங்கிகளை வன்னியன் ஆட்கள் கொண்டுபோனார்கள். முல்லைத்தீவுக் கோட்டையின் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் முடிந்தது என்று விளங்கும். அது கடலைப் பார்த்துக் கட்டிய கோட்டை, உதவி வந்தால் கப்பலில் வரும், ஓடினாலும் கப்பலில் ஓடலாம். முதுகுப் பக்கம் காடு. வந்தது முதுகுப் பக்கத்தால்.

பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை மூன்று பக்கமும் படை அனுப்பினார்கள். அதே ட்றிபேர்க் ஒக்டோபர் 31 விடிய முதல் கற்சிலைமடுவில் திடீரென்று தாக்கி வன்னியன் படையைச் சிதறடித்தான், பீரங்கிகளும் திரும்பிப் போயின. கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் ஒரு கல் நட்டார்கள், உங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வரலாம். நம் மேடையில் வன்னியன் விழுந்து சாகிற இடம் அதுதான், ஆனால் கல்லில் தோற்கடித்த செய்தி மட்டும்தான் உண்டு, கொன்றதாக இல்லை. கொன்றிருந்தால் வெள்ளைக்காரன் அதை எழுதாமல் விடுவானா? அன்று அவன் தப்பிக் காட்டுக்குள் போய்விட்டான், அதற்குப் பிறகும் சில வருடம் அவர்களுக்குத் தலையிடி கொடுத்திருக்கிறான்.

காக்கை வன்னியன்? யாழ்ப்பாண வைபவமாலையில் அவன் வருகிறான், ஆனால் சங்கிலி அரசனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுக்கிறவனாக. மயில்வாகனப் புலவர் அதை எழுதியது 1736 அளவில். பண்டார வன்னியன் சண்டைக்கு அறுபது வருடத்துக்கு மேல் முந்திய நூல் அது, அதில் சொல்லும் சங்கிலி கதையோ அதற்கும் நூறு வருடத்துக்கு முந்தியது. எங்கள் கூத்துக்காரருக்கு ஒரு துரோகி தேவைப்பட்டான், ஆயத்தமாக ஒருவன் கதையில் இருந்தான், கூட்டி வந்து அடுத்த மேடையில் ஏற்றிவிட்டார்கள். கூத்தை விட வேண்டாம், நான் சின்னனில் விடிய விடிய பார்த்து அழுதவன். சமூகக்கல்விப் பாடத்தில் மட்டும் அவனை 1803 க்குக் கொண்டுவராதீர்கள். மூன்று பக்கமும் வந்த படைக்கு முன் தோற்றதற்கு ஒரு துரோகியைத் தேட வேண்டிய தேவையும் இல்லை.

கேள்வி: பறங்கியும் ஒல்லாந்தனும் எங்களை அடக்கக் கட்டின கோட்டைக்கு இப்ப என்ன பாதுகாப்பு வேண்டிக்கிடக்கு? கல்லை எடுத்து ஊர் றோட்டுக்குப் போட்டால் நாலு பேருக்குப் பிரயோசனம். (வாசகர், நாச்சிக்குடா)

பதில்: உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது, றோட்டைப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்குகிறது. ஆனால் அந்தக் கல்லை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். கருங்கல் இல்லை, முருகைக்கல், அதாவது கடலுக்குள் விளைகிற பவளக்கல். சாந்து உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கண் தெரியும், ஒவ்வொன்றும் கடலுக்குள் ஒரு பூச்சி இருந்த குழி. சாந்துக்குள்ளே சிப்பித் துண்டு நீறாத நிலையில் அப்படியே கிடக்கும். இந்தக் கல்லைக் கடலிலிருந்து கிளப்பியவன், தோணியில் ஏற்றியவன், மிச்சத்தைச் சூளையில் வைத்துச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியவன், நீற்றியவன், குழைத்தவன் யார்? லிஸ்பனிலிருந்தும் அம்ஸ்ரர்டாமிலிருந்தும் கப்பலில் மேசன்மார் கூட்டம் கூட்டமாக வரவில்லை. ஊழியம் என்ற பெயரில் எங்கள் சனம் கூலியில்லாமல் செய்த வேலை அது. கொடி அவன் கொடி, முதுகு எங்கள் முதுகு.

கல்லைப் பிடுங்கி வேறு கட்டுவதற்கும் அவர்களே எங்களுக்கு வழி காட்டினார்கள். திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்த கல்லில் பறங்கியர் கோட்டை கட்டினார்கள், கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னத்தோடு தமிழ் எழுத்து வெட்டிய தூண்கல் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். அதைப் பார்த்து வயிறு எரிகிற நாங்கள் அதே வேலையைச் செய்தால் பேரப்பிள்ளைக்கு என்ன சொல்வது? அதுவும் இல்லாமல், முருகைக்கல்லை றோட்டில் போட்டால் இரண்டு மாரிக்குத் தாங்காது, உழவு மெசின் நாலுதரம் ஓடினால் மா. பிரதேச சபைக்கு எழுதி கிறவல் கேளுங்கள். அதற்குக் கையெழுத்துச் சேர்க்க நானும் வருகிறேன்.

கேள்வி: பூநகரியில் எங்கள் வளவில் கிணறு வெட்டும்போது செப்புக்காசு ஒன்று வந்தது. ஒரு பக்கம் வி, ஓ, சி எழுத்துகள் பின்னிக்கொண்டு கிடக்கிறது, மறுபக்கம் சிங்கம் மாதிரி. புளி போட்டு விளக்கட்டா? கொழும்பில் பெரிய விலை போகுமா? (வாசகி, பூநகரி)

பதில்: அக்கா, முதலில் புளியை எடுத்துக் குழம்புக்குப் போடுங்கள். விளக்கினால் பளபளக்கும், ஆனால் மேலே இருக்கிற பச்சை களிம்போடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். கடுதாசியில் சுற்றி ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள்.

அந்தப் பின்னிய எழுத்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை, காசு அவர்களுடைய செப்புத் துட்டு. நெதர்லாந்தில் மாகாணங்கள் பல தங்கள் தங்கள் சின்னத்தோடு அடித்துக் கப்பலில் அனுப்பின. சிங்கம் அலையிலிருந்து எழும்பி வருகிற மாதிரி இருந்தால் சீலாந்து மாகாணம். எழுத்துக்குக் கீழே ஆண்டு இருக்கும், வெயிலில் சரித்துப் பிடித்தால் தெரியும், 1726 க்கும் 1794 க்கும் இடையில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சந்தைச் சில்லறை இது, குவியல் குவியலாக அடித்தார்கள், வடக்கில் அடிக்கடி வருகிறது. விலையை நினைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

மாறாக, நந்தி படுத்திருக்க, "சேது" என்று தமிழ் எழுத்து இருக்கிற காசு வந்தால் அது வேறு சங்கதி. அது யாழ்ப்பாண அரசர் காசு. எதுவானாலும் எந்த ஆழத்தில், எந்த மண்ணில், கூட என்ன ஓட்டுத் துண்டு வந்தது என்பதை எழுதி, பக்கத்தில் ஒரு பேனையை வைத்து போட்டோ எடுங்கள். காசை விட அந்தத் தகவல்தான் ஆய்வு செய்கிறவர்களுக்குப் பெறுமதி. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரியில் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த மட்பாண்டத் துண்டுகளும் காசுகளும்தான் கோட்டைக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முந்திய சனத்தின் கதையை வெளியே கொண்டுவந்தன, அது 1993 இல் புத்தகமாகவும் வந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டப்படி 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருள் தொல்பொருள். தற்செயலாகக் கிடைத்தால் அறிவிக்க வேண்டும், ஜீஎஸ்ஸிடம் (கிராம அலுவலரிடம்) சொன்னால் வழி காட்டுவார். தேடித் தோண்டுவதென்றால் அனுமதி வேண்டும். இரவில் பூசாரியும் கோழியும் மண்வெட்டியுமாகப் புதையல் எடுக்க வருகிற கூட்டம் வளவைக் கேட்டு வந்தால், பாதிப் பங்கு தருவதாகச் சொன்னாலும் விடாதீர்கள். பொலிஸ் வரும்போது அவர்கள் இருக்க மாட்டார்கள், வளவுக்காரர்தான் இருப்பார்.

கேள்வி: எனக்கு வெள்ளைக்காரக் கோட்டை வேண்டாம். உண்மையாகவே இடைக்காலத்து இடிபாடு ஒன்றை வன்னியில் பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது? வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவேன். (வாசகர், வவுனியா)

பதில்: மண்ணித்தலைக்குப் போங்கள். பூநகரியிலிருந்து கௌதாரிமுனைப் பக்கம், நிலம் நாக்கு மாதிரி நீண்டு யாழ்ப்பாணத்தைத் தொடப் போகிற முனையில் சின்னச் சிவன் கோயில் ஒன்று இடிந்து நிற்கிறது. சோழர் கலைமரபில் கட்டியது என்பது ஆய்வாளர் முடிவு. கல் அதே கடற்கல், சுண்ணாம்புச் சாந்து. கோட்டை கட்டினவர்கள் வர எத்தனையோ நூறு வருடத்துக்கு முன் இந்தத் துறையின் அருமையைத் தெரிந்தவர்கள் அங்கே விளக்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு வகையில் எல்லைக் காவல்தான், அங்கே சீட்டுக் கேட்க யாரும் நிற்கவில்லை.

வழி: ஏ-9 ஆல் பரந்தன் வந்து, பூநகரி றோட்டில் மேற்கே திரும்புங்கள். பூநகரிச் சந்தியில் கோட்டையைப் பார்த்துவிட்டு முனைக்குப் போகலாம். திரும்பும்போது யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் சங்குப்பிட்டிப் பாலம், 288 மீற்றர், 2011 ஜனவரியில் திறந்தது. அதற்கு முந்திக் கேரதீவுக்குப் பாதைப் படகில் ஏறிக் கடந்தவர்களுக்கு அந்த மூன்று நிமிட ஓட்டத்தின் அருமை தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. முனைப் பக்கம் மணல், ரயர் புதையும், மத்தியான வெயிலில் நிழலே இல்லை, தண்ணீர் கூடவே கொண்டுபோங்கள். அடுத்தது, பூநகரியில் 1993 நவம்பரிலும் 2008 நவம்பரிலும் பெரிய சண்டை நடந்தது, யானையிறவு, முகமாலைப் பக்கம் கேட்கவே வேண்டாம். கண்ணிவெடி என்று சொல்கிற சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கிற இடத்தில் மட்டும் இல்லை, பலகை இல்லாத பற்றைக்குள்ளும் கோட்டை மிச்சம் தேடி இறங்காதீர்கள். நடந்த தடத்தில் நடவுங்கள், தெரியாத இரும்பைக் காலால்கூடத் தட்டாதீர்கள், மாடு மேய்க்கிற ஐயா யாராவது நின்றால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.